அலையாத்திக் காட்டுக்கு நாடி பார்த்த பண்டிதர்

கடலோரமாகக் கால்நீட்டிக் கிடந்த சங்கமுக நாட்டை முன்னொரு காலத்தில் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஒரு யோசனை அவன் தலைக்குள் புகுந்துவிட்டால் அதை வெளியே இழுக்க ஏழு யானை வேண்டும்.

ஓர் ஐப்பசியில் பெரும்புயல் அடித்தது. பக்கத்து நாட்டில் ஒரு கூரை மிஞ்சவில்லை. சங்கமுகத்தில் மட்டும் கரையோரத்து அலையாத்திக் காடு குறுக்கே நின்று அத்தனை அலையையும் வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து ராஜாவுக்கு அந்தக் காட்டின்மேல் கொள்ளைப் பிரியம். "என் காடு சுகமாக இருக்கிறதா? யாராவது பார்த்துச் சொல்லுங்கள்" என்று சபையில் கேட்டான்.

அரண்மனை வைத்தியர் திருமேனிப் பண்டிதர் எழுந்தார். ராஜாவின் ஜலதோஷத்தை ஒரே கஷாயத்தில் விரட்டியவர். தன்னைத் தவிர வேறு யாரை ராஜா பாராட்டினாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"மனிதனுக்கென்ன, மரத்துக்கென்ன மகாராஜா, உடம்பு உடம்புதான். நான் நாடி பார்க்கிறேன்" என்றார்.

பார்த்தார் ஐயா, நிஜமாகவே பார்த்தார். சேற்றில் பலகை போட்டு நடந்துபோய், ஒரு கிளையில் மூன்று விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"தரை கறுத்து நாறுகிறது, உள்ளே சீழ். இலையில் உப்புப் பூத்திருக்கிறது, தோல் வியாதி. மஞ்சள் இலை உதிர்கிறது, காமாலை. மரத்தைச் சுற்றி விரல் விரலாக முளைத்து நிற்கிற இந்தக் குச்சிகள் அத்தனையும் கொப்புளம்."

காட்டின் கிழக்குப் பாதியில் வைத்தியம் தொடங்கியது. இருநூறு ஆட்கள் குச்சிகளை அறுத்தார்கள், உதிர்ந்த இலையைப் பெருக்கினார்கள், சேற்றை மிதித்து இறுக்கினார்கள், ஒவ்வொரு இலையையும் நல்ல தண்ணீரில் கழுவினார்கள். இரண்டு மாதம் கழித்து ராஜா வந்து பார்த்தான். இலை பளபளக்கிறது, தரை அரண்மனை முற்றம்போல் இருக்கிறது, நாற்றமே இல்லை. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாளை மறுநாளே மேற்குப் பாதியிலும் ஆரம்பியும்" என்றான்.

"அங்கே நண்டு பிடிக்கிறவர்கள் குப்பம் இருக்கிறது மகாராஜா. நோயைப் பரப்புவதே அவர்கள்தான். முதலில் அவர்களைக் கிளப்ப வேண்டும்."

"கிளப்பிவிடும்."

சேதி குப்பத்துக்குப் போனதுதான் தாமதம், காத்தாயி என்ற நண்டுக்காரி முழங்கால் சேற்றோடு சபைக்குள் நுழைந்துவிட்டாள். காவலர்கள் தடுத்துப் பார்த்தார்கள். நண்டையே வெறுங்கையால் பிடிக்கிறவளை அவர்கள் எங்கே பிடிப்பது?

"ராசா, முப்பது குடும்பம், எங்களுக்குப் போக்கிடம் இல்ல. நோவு எங்க பக்கத்துக்கு இல்ல, கிழக்கத்திக் காட்டுக்குத்தான். அது சாவப்போவுது" என்றாள்.

பண்டிதர் சிரித்தார். "நான் பன்னிரண்டு வருஷம் நாடி கற்றவன். நீ என்ன கற்றாய்?"

"நண்டுகிட்ட கடி வாங்கக் கத்துக்கிட்டேன் சாமி."

சபையே சிரித்தது. ராஜாவுக்குப் போட்டி என்றால் உயிர். "நாளை உச்சிவேளைக்குள் எது சுகம், எது நோவு என்று என் கண்ணுக்குக் காட்டு. காட்டினால் குப்பம் உங்களுக்கு. தவறினால் நீ நாட்டைவிட்டே போக வேண்டும்."

"சரி ராசா. நான் வைக்கிற விருந்துக்கு மட்டும் நீங்க வரணும்."

மறுநாள் காலை, கடல்நீர் வற்றி நின்ற வேளை. காத்தாயி ஒரு கூடை நிறைய மஞ்சள் இலை பொறுக்கி வந்திருந்தாள். கிழக்குக் காட்டில், கல்யாணப் பந்தியைப் போல வரிசையாகப் பத்து இலை போட்டாள்.

"விருந்தாளிங்க வருவாங்க, இலையோட எடுத்துக்கிட்டுப் போவாங்க" என்றாள்.

ராஜா முக்காலியில் உட்கார்ந்தான். ஒரு நாழிகை போயிற்று. எட்டிப் பார்க்க ஒரு ஜீவன் இல்லை. இலைகள் போட்டது போட்டபடி கிடந்தன. "பைத்தியம்" என்றார் பண்டிதர்.

"இப்ப மேற்கால வாங்க" என்றாள் காத்தாயி.

அங்கே கறுத்த சேற்றில் பத்து இலை போட்டுவிட்டு அவள் நிமிரக்கூட இல்லை, ஓர் இலை நகர்ந்தது.

"காற்று" என்றார் பண்டிதர்.

"காத்தில்ல. ராசா, குந்திப் பாருங்க."

ராஜா குந்தினான். பெருவிரல் அளவு நண்டு ஒன்று, சிவந்த கொடுக்கால் இலையைக் கவ்வி வளைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த இலைக்கு இரண்டு நண்டு மல்லுக்கட்டின. ராஜா பட்டுவேட்டியோடு சேற்றில் மண்டியிட்டுவிட்டான். "அந்தச் சின்னவனைப் பாருங்கள், விடமாட்டான், விடாதேடா" என்று கத்தினான். பத்து இலையும் காணாமல் போனதும் கூடையைப் பிடுங்கித் தானே போட ஆரம்பித்தான்.

"உதிர்ந்த இலைதான் ராசா இவங்களுக்குச் சோறு. இவங்க வளை தோண்டினாத்தான் சேத்துக்குள்ள காத்துப் போவும். இலையில இருக்கிறது வியாதி இல்ல, மரம் வேண்டாம்னு வெளிய தள்ளின உப்பு. இந்தக் குச்சிங்க கொப்புளம் இல்ல, வேரு. மரத்துக்கு மூக்கு இதுதான். பண்டிதரு மூக்கை அறுத்துட்டு முகத்தைக் கழுவிவிட்டிருக்காரு."

"மரத்துக்கு ஏது மூக்கு? கிழக்குக் காடு இன்னும் பச்சையாகத்தானே இருக்கிறது" என்று பண்டிதர் பாய்ந்தார்.

"உங்க மூக்கை நான் பொத்துறேன் சாமி. கொஞ்ச நேரத்துக்கு உங்க நாடியும் நல்லாத்தான் பேசும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது. நம்மைக் காப்பாற்றிய காட்டை நாமே கொல்லப் பார்த்தோமே என்று கிழக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"குப்பம் அங்கேயே இருக்கும். இனி காட்டின் சுகத்தைச் சபையில் காத்தாயிதான் சொல்வாள். பண்டிதரே, கிழக்குக் காடு உம்முடைய நோயாளி. தினமும் தண்ணீர் வற்றும்போது போய்ப் பத்து இலை போட்டுக் காத்திரும். ஓர் இலையாவது வளைக்குள் போகிறவரைக்கும் அரண்மனைப் பக்கம் வர வேண்டாம்."

பண்டிதர் போனார். முதல் மாதம் முணுமுணுத்தார். முதல் வருஷம் பல மரங்கள் பட்டுப்போயின, அவர் அழுதார். இரண்டாம் வருஷம் காத்தாயியிடம் போய், விதை எப்படி ஊன்றுவது என்று கேட்டார். அவளும் கேலி பேசாமல் சொல்லிக்கொடுத்தாள்.

மூன்றாம் வருஷம் ஒருநாள், சபை நடுவே ஓர் ஆள் தலைமுதல் கால்வரை சேறாக ஓடிவந்தான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் பண்டிதர் என்று தெரிந்தது.

"மகாராஜா, ஒன்று வந்தது. இவ்வளவுதான் இருக்கும். இழுத்துக்கொண்டு போய்விட்டது."

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கிவந்து அவரைச் சேற்றோடு கட்டிக்கொண்டான். "தண்டனை முடிந்தது பண்டிதரே. உம்முடைய ஆசனத்தில் உட்காரும்."

"மன்னிக்க வேண்டும் மகாராஜா, உட்கார நேரமில்லை. தண்ணீர் ஏறுவதற்குள் அதற்கு இன்னும் இரண்டு இலை போட வேண்டும்" என்று வந்த வழியே ஓடினார் பண்டிதர்.