யாருடைய சாண்?

வெண்கோட்டை நாட்டு அரசருக்கு நெடுங்கோ என்று பெயர். பெயர் வைத்தபோது அவர் தொட்டிலில் கிடந்தார். எவ்வளவு வளர்வார் என்று வைத்தவர்களுக்கு எப்படித் தெரியும்? வளர்ந்து முடிந்த பிறகும் அரசர் பெயரை மாற்றவில்லை. சிம்மாசனத்தின் காலைத்தான் உயர்த்திக்கொண்டார்.

அவர் சபையில் நக்கண்ணன் என்று ஒரு புலவர் இருந்தார். கவிதை சுமார்தான். வாய் வெகு கூர்மை. ஆளோ பனைமர உயரம். அந்த உயரம்தான் வினையாயிற்று. பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் ஒருநாள் சபைக்குள் வந்தார். நக்கண்ணனை அண்ணாந்து பார்த்தார். "மன்னர் மன்னா!" என்று அவர் காலில் விழுந்தார். விழுவதற்கு முன்னால், கையிலிருந்த குடையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்திருந்தார். பக்கத்தில் நின்றவர் அரசர்.

தூதர் ஊர் திரும்பிய பிறகும் அரசரின் முகம் தெளியவில்லை. பண்டசாலை அதிகாரி சிவக்கொழுந்துக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? நக்கண்ணனின் கேலிக்கு அதிகம் ஆளானவர் அவர்தான்.

"அரசே, அரசனைவிட உயர்ந்தவன் நாட்டில் இருப்பது முறையா? ஒரு சட்டம் போடுங்கள். தங்களைவிட உயரமானவன் எவனும் நாளைப் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போகவேண்டும்."

"போட்டாயிற்று" என்றார் அரசர்.

நாட்டைவிட்டுப் போனால் நக்கண்ணனுக்குப் புகலிடம் ஒன்றே ஒன்றுதான்: மாமனார் வீடு. அங்கே மூன்று மைத்துனர்கள். மூவரும் கவி பாடுவார்கள். பாடிவிட்டு எப்படி இருக்கிறது என்று வேறு கேட்பார்கள்.

மறுநாள் சபை கூடியதும் அவர் எழுந்தார்.

"அரசே, சட்டம் மிக அருமை. உயரத்தை எதால் அளப்பது?"

"இதென்ன கேள்வி? சாணால்தான்."

"யாருடைய சாணால்?"

சிவக்கொழுந்து முந்திக்கொண்டார். "அரசர் சாணால்தான்! பின்னே உம்முடைய சாணாலா?"

"அதுவே நியாயம்" என்றார் நக்கண்ணன். "சாண் போட்டு அளப்பதென்றால் உள்ளங்காலிலிருந்து தொடங்க வேண்டும். அரசர் குனிந்து முதலில் என் காலைத் தொடட்டும். அடுத்து வண்ணான் கால், வாணியன் கால். வாசலில் இப்போதே கூட்டம். எல்லாரும் கால் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார்கள், பாவம்."

அரசர் கையைப் பட்டென்று மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"அரசர் ஏன் குனியவேண்டும்?" என்றார் சிவக்கொழுந்து. "அவர் சாண் நீளத்துக்கு ஒரு கோல் வெட்டுவோம். சேவகன் அளப்பான்."

நியாயமாகப் பார்த்தால் இது நல்ல யோசனை. எவர் அளந்தாலும் ஒரே விடை வரும். அளவு என்பதே அதற்குத்தானே? ஆனால் அரசவையில் நல்ல யோசனைக்கு ஆயுசு குறைவு.

"கோல் வெட்டலாம்" என்றார் நக்கண்ணன். "வெட்டியதும் முதலில் அரசரை அளப்போம். எட்டு சாண் வரும். அடுத்து என்னை அளப்போம். பத்து வரும். இதுவரை அரசரின் உயரம் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கண் பார்த்ததை மறந்துவிடும். நாளை முதல் அது எண்ணாகிவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள்: அரசர் எட்டு சாண், புலவர் பத்து சாண், புலவரில் அரசரைக் கழித்தால் மீதி எத்தனை?"

"கோல் வேண்டாம்!" என்று அலறினார் அரசர். "வேறு வழி சொல்."

"மனிதனுக்கு எண்சாண் உடம்பு என்று ஊரே சொல்கிறது. யாருடைய சாண்? அவனவன் சாண்தானே? அவனவனே சுவரில் தலை மட்டத்துக்குக் கரிக்கோடு போட்டு, தன் கையால் தரையிலிருந்து அளக்கட்டும். தாங்களும் எட்டு. எட்டுக்கு மேல் போகிறவன் தங்களைவிட உயர்ந்தவன். அவன் நாட்டைவிட்டு ஓடட்டும்."

அரசருக்குப் பரம திருப்தி. அவரே முதலில் அளந்தார்: எட்டு. நக்கண்ணன் நீண்ட விரல்களை விரித்து அளந்தார்: எட்டு. சேனாதிபதி எட்டு. சமையற்காரர் எட்டு. சிலருக்கு அரை விரற்கடை இடித்தது. கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக் கொண்டார்கள். தன்னைத் தானே அளப்பவனுக்குக் கணக்குத் தப்புமா?

கடைசியில் சிவக்கொழுந்து. குள்ளமான மனிதர்தான். ஆனால் பத்து விரலிலும் மோதிரம். ஒல்லியாக இருந்த காலத்தில் மாட்டியவை, இப்போது கழற்ற வராது. தடித்த மோதிரங்கள் ஒன்றோடொன்று முட்டின. விரல்கள் அகலவில்லை. சாண் சிறுத்துப் போயிற்று. எட்டு முடிந்தது, கோடு இன்னும் மேலே இருந்தது. ஒன்பது.

"ஒன்பது!" என்றார் சேனாதிபதி. "அரசரைவிட ஒரு சாண் உயரம்."

சிவக்கொழுந்து கையைத் தூக்கிக் காட்டினார். "அரசே, இது அநியாயம்! என் கை விரியாது!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"அபாண்டம்!" என்றார் நக்கண்ணன். "கிணற்றுக்குக் கயிறு கேட்டு வந்தார்கள், கையை விரித்தீர். பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஓடு கேட்டார்கள், விரித்தீர். மடைக்குப் பலகை கேட்டு நானே வந்தேன், இதே மோதிரங்களோடு இரண்டு கையையும் விரித்தீர். அப்போதெல்லாம் விரிந்த கைக்கு இப்போது என்ன வந்தது?"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. சிவக்கொழுந்து அவர் பக்கம் ஓடினார்.

"அரசே, தாங்களாவது காப்பாற்றுங்கள்!"

"நான் என்ன செய்வேன், சிவக்கொழுந்தாரே? சட்டம் நீர் சொன்னது" என்று அரசர் இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

"அப்படியே இருங்கள், அரசே!" என்றார் நக்கண்ணன். "சிவக்கொழுந்தாரே, நன்றாகப் பார்த்துக்கொள்ளும். இதுதான் சாண். இதே மாதிரி விரித்து இன்னொரு தடவை அளந்தால் எட்டைத் தாண்டாது. அளந்துவிட்டு, போய் அந்தக் கிணற்றுக் கயிற்றை எடுத்துக் கொடும்."