தீட்டுப்பட்ட ஓரங்கள்

அநியாயம் நடந்தது பெருச்சாளிக்கு. காட்டுக்குப் பொதுவான ஒட்டுப்போர்வையிலிருந்து அது கொடுத்த துண்டை மட்டும் பிரித்து வீசிவிட்டார்கள். துண்டு கொடுத்தவர் பிள்ளைகளுக்குத்தான் போர்வைக்கடியில் இடம். துண்டு போனது, அதன் ஐந்து குட்டிகளுக்கும் இடம் போனது. மார்கழியோ பிறந்துவிட்டது.

போர்வையைத் தைத்த தையல்சிட்டு நேரே மயிலிடம் போய்க் கேட்டது.

"பெருச்சாளி துண்டில் என்ன குறை?"

"அது குப்பைமேட்டிலிருந்து வந்தது" என்றது மயில்.

"மயிலண்ணே, எல்லாத் துண்டும் தையல்கடைக் குப்பைமேட்டிலிருந்து வந்ததுதான். தோண்டி எடுத்துக் கொடுத்ததே அவள்தான்."

"இருக்கட்டுமே. என்னிடம் வந்த பிறகு அது மயில் துண்டு."

சிட்டு, வீசிக் கிடந்த துண்டை அலகில் கவ்வி எடுத்து வைத்துக்கொண்டது.

இந்த நியாயம் முயலுக்கும் இனித்தது. "காட்டுக்கோழித் துண்டு என் துண்டை இடிக்கிறது. தள்ளித் தை."

காட்டுக்கோழிக்கு ரோஷம் வந்தது. "நாங்கள் மட்டும் இளப்பமா? கீரித் துண்டு எங்களைத் தொடக் கூடாது."

கடைசியில் சபை கூடி முடிவெடுத்தது. எந்தத் துண்டும் எதையும் தொடக் கூடாது. நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். இதுவரை ஒட்டியிருந்த ஓரமெல்லாம் தீட்டு. நறுக்கி எறிய வேண்டும்.

"அப்புறம் அது போர்வையாக இருக்காது, வலையாக இருக்கும்" என்றது சிட்டு.

"தைப்பது உன் வேலை. யோசிப்பது எங்கள் வேலை" என்றது மயில்.

சரி என்று சிட்டு, சபை சொன்னபடியே தைத்தது. நீள நீள நூல்களில் துண்டுகள் தனித்தனியாக, மிகுந்த கௌரவத்தோடு தொங்கின. நறுக்கிய ஓரங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிட்டு அவற்றைப் பொறுக்கியது. பெருச்சாளியின் துண்டைச் சுற்றி நெருக்கி நெருக்கித் தைத்தது. சின்னப் போர்வை ஒன்று ஆயிற்று. அதைப் பெருச்சாளியின் வளைக்குள் போட்டது.

மறுநாள் விடிந்தபோது, அந்தக் கௌரவமான இடைவெளிகள் வழியாகப் பனி தாராளமாக இறங்கியிருந்தது. மயில்குஞ்சு குளிரில் விறைத்து நடுங்கியது. முயல்குட்டி விடாமல் இருமியது. வளைக்குள் ஐந்து குட்டிகளும் குறட்டை விட்டன.

மயில் வளை வாசலில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றது. பின்னால் மொத்த சபையும்.

"அக்கா, பிள்ளைகள் நடுங்குதுங்க. கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

நேற்றுவரை 'ஏய்'; இன்று 'அக்கா'. சிட்டின் நாக்கில் ஏழெட்டுப் பதில்கள் துடித்தன. அதற்குள் பெருச்சாளி முந்திக்கொண்டது.

"இடத்துக்கென்ன தம்பி, தாராளமா வரட்டும். ஆனா இங்கே எல்லாரும் ஒருத்தரையொருத்தர் ஒட்டித்தான் படுக்கணும். தொட்டுக்க மாட்டேன்னு விலகி நிக்கிற துணியும் சரி, கூட்டமும் சரி, குளிருக்கு உதவாது."