போயிட்டு வாரேன்

"இந்தாங்கம்மா, நீங்க குடுத்த புஸ்தகம். எனக்கு இனிமே வேண்டாம்."

குற்றாலிங்கம் புத்தகக் கட்டை உலகம்மையின் முன்னால் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார்.

உலகம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் அந்த ஆற்றங்கரை மடத்தில் உலகம்மைதான் குரு, குற்றாலிங்கம்தான் மாணாக்கர்.

ஊரில் குற்றாலிங்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. எந்த இழவு வீட்டுக்கும் முதல் ஆளாகப் போய் நிலையாமையைப் பற்றிப் பேசுவார். அவர் வந்தால் அழுகை நின்றுவிடும் என்பார்கள். பேச்சு அவ்வளவு நீளம்.

போன மாதம் இழவு அவர் வீட்டிலேயே விழுந்தது. ஒரே மகள் கோமு, பள்ளிக்கூட டீச்சர். காலையில் ஸ்கூட்டரில் கிளம்பியவள் பாலத்தில் லாரி மோதி இறந்துபோனாள். அவர் ஊருக்குச் சொன்னதையெல்லாம் ஊர் வரிசையாக வந்து அவருக்கே திருப்பிச் சொன்னது.

"படிச்சதுல எது பொய்யாப் போச்சு, அண்ணாச்சி?" என்று உலகம்மை கேட்டார்.

"ஒண்ணும் பொய்யாகல. வந்தது போகும்னு படிச்சேன். போயிட்டா. அத்தனையும் நெசம். அந்த நெசத்த வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்ய?"

உலகம்மை ஒரு செம்புத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் அதைத் தொடவில்லை.

"தூக்கம் இல்ல. ஒரே ஒரு வார்த்தை நெஞ்சுல குத்திக்கிட்டே கெடக்கு."

"என்ன வார்த்தை?"

"போறேன்."

குற்றாலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சின்னப் பிள்ளையில இருந்தே அவளுக்கு அப்படித்தான் வாயில வரும். பையத் தோள்ல போட்டுக்கிட்டு 'போறேன்ப்பா'ன்னுவா. 'போறேன்னு சொல்லக் கூடாது தாயி, போயிட்டு வாரேன்னு சொல்லு'ன்னு திருத்துவேன். வாசல்ல நின்னு, சிரிச்சுக்கிட்டே மாத்திச் சொல்லிட்டுத்தான் போவா. அன்னைக்கு மட்டும் நான் திருத்தல."

"ஏன்?"

கட்டின் மேலே இருந்த புத்தகத்தை அவர் காட்டினார்.

"இதப் படிச்சுக்கிட்டு இருந்தேன். தலைய நிமித்தல. கொஞ்ச நேரம் வாசல்ல நின்னா. அவ நிக்கான்னு எனக்குத் தெரியும். பொறவு வண்டிச் சத்தம் கேட்டுது."

"திருத்தியிருந்தா திரும்பி வந்திருப்பாளா?"

"வந்திருக்க மாட்டா. அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான்."

இழவு வீடுகளில் அழுகையை நிறுத்திய மனுஷர் அன்று வாய்விட்டு அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

அவர் அழுது முடிக்கும்வரை உலகம்மை சும்மா இருந்தார். பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்து, விரித்து, அவர் மடியில் வைத்தார்.

"படிங்க."

குருவின் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. குற்றாலிங்கம் குனிந்தார். எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

உலகம்மை சுவரில் தொங்கிய துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை நடந்து, நிலைப்படியில் முதுகைக் காட்டி நின்றார்.

"போறேன்ப்பா."

குற்றாலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'போயிட்டு வாரேன்னு சொல்லு' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை வருஷத்துப் பழக்கம். வந்தது, அங்கேயே நின்றுகொண்டது.

உலகம்மை திரும்பவில்லை. நகரவும் இல்லை.

ஆற்றில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

குற்றாலிங்கம் புத்தகத்தை மூடினார். தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார். அந்த முதுகையும் தோளில் கிடந்த பையையும் ஆசைதீரப் பார்த்தார்.

"சரி தாயி," என்றார். "பாத்துப் போ."