நாற்பது முதுகில் நாற்பது மச்சம்

குளத்தை ஒட்டிய சோளக்காட்டில் மஞ்சமுத்து என்றொரு வெட்டுக்கிளி இருந்தான். உடம்பெல்லாம் பச்சை. முதுகில் மட்டும் மஞ்சளைக் குழைத்து அப்பியது போல ஒரு பெரிய மச்சம்.

அந்த மச்சத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதை வைத்து உயரமாகத் தாவ முடியாது. வேகமாக மெல்லவும் முடியாது. ஆனாலும் மஞ்சமுத்துவுக்கு அதில் அவ்வளவு பெருமை! யார் எதிரே வந்தாலும் திரும்பி நின்று முதுகைக் காட்டித்தான் வணக்கம் சொல்வான்.

அவன் மனைவி கொழுந்தாயியின் முதுகு சுத்தப் பச்சை. எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை உற்றுப் பார்ப்பது அவள் சுபாவம்.

மழை பெய்து மண் இளகியதும் அவள் நாற்பது முட்டை இட்டாள். நாற்பதும் பொரிந்தன. குஞ்சுகள் வளர்ந்து இறக்கை முளைத்தபோது பார்த்தால், நாற்பது முதுகிலும் மஞ்சள் மச்சம்!

“நாற்பதுக்கு நாற்பது! எல்லாம் என்னை உரிச்சு வச்சிருக்கு!” என்று மஞ்சமுத்து குதித்த குதியில் மேலே இருந்த சோளக்கதிரில் தலையை இடித்துக்கொண்டான்.

கொழுந்தாயி பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “ஏங்க, பாதிப் பேருக்குக் காலு உங்க ஜாடை, பாதிப் பேருக்கு என் ஜாடை. மீசையும் அப்படித்தான். மச்சம் மட்டும் எப்படி அத்தனை பேருக்கும் வந்துச்சு? ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு!”

“தில்லுமுல்லா? நல்ல சரக்கு தானாப் பரவும், புள்ள!”

கொழுந்தாயி சொன்னதுதான் சரி. எல்லா உயிர்களின் உடம்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நூல்கள் உண்டு. குரோமோசோம் என்று அவற்றுக்குப் பெயர். அம்மாவின் நூல்களில் பாதியும் அப்பாவின் நூல்களில் பாதியும் பிள்ளைக்குப் போகும். எந்தப் பாதி என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி. ஆனால் மஞ்சமுத்துவின் உடம்பில் உபரியாக ஒரு நூல் இருந்தது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை மச்சம் போடுவது. அது சீட்டுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவனைப் போல, பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றிலும் முண்டியடித்து ஏறிக்கொண்டது!

இதெல்லாம் மஞ்சமுத்துவுக்கு எங்கே தெரியும்? பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் முடித்தான். அவர்களுக்குப் பிறந்ததும் மச்சம், அந்த மச்சங்களுக்குப் பிறந்ததும் மச்சம். கொஞ்ச நாளில் சோளக்காடே மஞ்சள் புள்ளியாக ஆனது. பெண் பார்க்க வருகிறவர்கள், “பாடத் தெரியுமா, தாவத் தெரியுமா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “மச்சம் உண்டா?” என்று கேட்டார்கள். மஞ்சமுத்துவைத் தலைவர் ஆக்கினார்கள்.

காட்டோரம் மின்கம்பியில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. பச்சை இலையில் பச்சைப் பூச்சியைத் தேடித் தேடி அதற்குக் கண்ணே பூத்துப் போயிருந்தது. அன்றைக்குக் கீழே பார்த்தது. “அடடே! யாரு இந்தப் புண்ணியவான்? சாப்பாட்டுக்கு அடையாளம் போட்டு வச்சிருக்காரே!” என்று ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது.

மூன்று நாளில் முப்பது பேரைக் காணோம். வெட்டுக்கிளிகள் அலறிக்கொண்டு தலைவரிடம் ஓடிவந்தன.

மஞ்சமுத்து தொண்டையைக் கனைத்தான். “பயப்படாதீங்க! அந்தக் கரிச்சான் நம்மைத் தேடித்தேடித் தின்னுதுன்னா, நம்ம வம்சம் எவ்வளவு ருசியான வம்சம்! இதை நினைச்சு நாம…”

பேசி முடிக்கவில்லை. விசுக்கென்று கரிச்சான் வந்து அவன் பின்னங்காலைக் கவ்வித் தூக்கியது!

“ஐயோ! கொழுந்தாயி!”

அவன் உதறிய உதறலில் கால் அறுந்து பறவையின் வாயிலேயே நின்றது. அவன் குளத்துச் சேற்றில் குப்புற விழுந்து, இரண்டு முறை புரண்டு, மல்லாக்கக் கிடந்தான். தலைக்கு மேலே கரிச்சான் வட்டமடித்தது.

“மஞ்சளா ஒருத்தன் விழுந்தானே! எங்க போய்த் தொலைஞ்சான்?” என்று திட்டிக்கொண்டே பறந்து போனது.

மஞ்சமுத்து தன் முதுகைத் தடவினான். மச்சத்தின் மேல் கனமாகச் சேறு. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளாக எதைக் காட்டிக் காட்டிப் பெருமையடித்தானோ, அதுதான் தன் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்தது! குலுங்கிக் குலுங்கி அழுதான்.

நொண்டிக்கொண்டே வீடு வந்தான்.

“யாருங்க நீங்க? யாரைப் பாக்கணும்?” என்றார்கள் பிள்ளைகள்.

“உங்க அப்பன்டா!”

குரல் கேட்டுக் கொழுந்தாயி ஓடிவந்தாள். அவன் காலைப் பார்த்தாள். சேறு மூடிய முதுகைப் பார்த்தாள். உடனே விஷயம் புரிந்துவிட்டது. “எல்லாரும் கிளம்புங்க, குளத்துக்கு!” என்று கத்தினாள். அன்று மிச்சமிருந்த அத்தனை பேரும் சேற்றில் புரண்டார்கள். மறுநாளும் புரண்டார்கள். கரிச்சான் பட்டினியோடு வேறு காடு தேடிப் போனது.

கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்திகள் வளர்ந்தார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். உடம்புக்குள் இருந்த மற்ற நூல்களும் எத்தனை நாள்தான் பொறுக்கும்? முண்டியடிக்கும் நூலை மெல்ல மெல்ல மடக்கி, வரிசையில் நிறுத்திச் சீட்டுக்குக் காத்திருக்க வைத்தன. ஒருநாள் இறக்கை முளைத்த இருபது குஞ்சுகளில் பத்துக்கு முதுகு சுத்தப் பச்சையாக இருந்தது.

மஞ்சமுத்துவுக்குக் கண் கலங்கியது. அதில் ஒன்றை அள்ளிக்கொண்டு காடு முழுக்க ஒற்றைப் பின்னங்காலால் தத்தித் தத்திப் போனான். “எல்லாரும் பாருங்க! என் எள்ளுப்பேரன் முதுகுல ஒண்ணுமே இல்ல! இந்த மாதிரி ஒண்ணுமே இல்லாத முதுகை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?”

“ஆரம்பிச்சுட்டாரு!” என்று கொழுந்தாயி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லோரிடமும் பரவிவிட்டது என்பதற்காக ஒன்று நல்லதாகிவிடாது, முண்டியடித்தும் வந்திருக்கலாம்.