வயர்லெஸ் அறையின் கதவு

மீனவர் சங்கத்தின் கணினி சர்வரைப் பார்த்துக்கொண்டவர் பிலோமினா டீச்சர். அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த சிலுவைதாசன் வயதில் அவரைவிட மூத்தவர். தோள்பட்டை போன பிறகு கடலை விட்டவர்.

எந்தப் படகு கரை சேர்ந்தது என்று காட்டும் பக்கத்தைச் சிலுவைதான் செய்திருந்தார். ஊரில் எல்லோருடைய போனிலும் அது இருந்தது.

அன்று காற்று திடீரென்று திரும்பியது. படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 'ஸ்டெல்லா மேரி' மட்டும் வரவில்லை. சிலுவையின் மகன் ஜெரோம் அதில் இருந்தான்.

பிற்பகலில் பக்கம் திறக்காமல் நின்றுவிட்டது.

"சர்வர் தாங்கல டீச்சர். பெருசா ஒண்ணு வாங்கணும்."

"ஒவ்வொரு போனும் எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை சர்வர்கிட்ட கேக்குது?"

"நொடிக்கு ஒரு தடவை. நான்தான் அப்படி வெச்சேன்."

"ஏன்?"

"காத்திருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும் டீச்சர்."

டீச்சர் எழுந்தார். "வாங்கண்ணே, லாசரைப் பார்த்துட்டு வருவோம்."

துறைமுகத்து வயர்லெஸ் அறையின் வாசலை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. உள்ளே லாசர் கடலிலிருந்து வரும் அழைப்புகளைக் கேட்க ஹெட்போன் மாட்டியிருந்தான்.

"லாசரு, ஸ்டெல்லா மேரி வந்துச்சா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

கழற்றினான். "இல்லக்கா." மாட்டினான்.

"என் தம்பி அதுலதான் இருக்கான். வந்துச்சா?"

கழற்றினான். "இப்பத்தானே சொன்னேன்."

"அது அப்ப. இப்ப?"

"நீ கேக்குற வேகத்துக்குப் படகு பறந்துதான் வரணும்."

சிலுவையும் எட்டிப் பார்த்தார். "ஏதாவது தெரிஞ்சுதா மருமகனே?"

கழற்றினான். "இல்ல மாமா."

டீச்சர் ஒரு சாக்பீஸ் வாங்கி, லாசரிடம் கேட்டு, கரை சேர்ந்த படகுகளின் பெயர்களைக் கதவில் எழுதினார். கீழே, 'பார்த்த நேரம் மூன்றரை. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதப்படும்' என்று சேர்த்தார். கதவைச் சாத்தினார்.

"டீச்சர் இங்கயும் போர்டு வெச்சுட்டாங்க. வீட்டுப்பாடம் உண்டா?" என்றார் ஒருவர்.

சிலர் சிரித்தார்கள். பிறகு கதவைப் படித்தார்கள். புதிதாக வந்தவர்களும் படித்துவிட்டு மதிலோரம் உட்கார்ந்தார்கள்.

"நடுவுல படகு வந்துட்டா? கதவு பொய் சொல்லுமே" என்றார் சிலுவை.

"நேரம் போட்டிருக்கே அண்ணே. மூன்றரைக்கு அது உண்மை."

சங்கத்துக்குத் திரும்பியதும் சிலுவை வேலையில் உட்கார்ந்தார். பக்கத்தின் நகல் ஒன்றை சர்வருக்கு முன்னால் வைத்தார். இனி எல்லாப் போன்களும் அந்த நகலைத்தான் படிக்கும். நிமிடத்துக்கு ஒரு முறை நகல் மட்டும் உள்ளே போய்க் கேட்டுத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அதுவரை பொறுத்திருக்கும்படி போன்களுக்கும் சொல்லிவைத்தார். அடியில், பார்த்த நேரம்.

பக்கம் திறந்தது. சர்வர் மூச்சு விட்டது.

டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு போன் மட்டும் நகலைத் தாண்டி உள்ளே போய்க் கேட்டுக்கிட்டே இருக்கு."

சிலுவை தன் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து இருவரும் துறைமுகத்துக்கு நடந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்தது. லாசர் வெளியே வந்து எழுதினான்.

'ஸ்டெல்லா மேரி. எஞ்சின் நின்றுவிட்டது. எல்லோரும் நலம். இழுத்துவரப் படகு போகிறது.'

சிலுவை கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப கூப்பிட்டாங்க?"

"மத்தியானத்துல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களாம் மாமா."

"மத்தியானத்துல இருந்தா? நடுவுல நானும் இந்த வாசல்லதானே நின்னேன்! ஒரு சத்தம்கூட வரலையே?"

லாசர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

டீச்சர் கதவை மெல்லச் சாத்தினார்.

"நாம பேசிக்கிட்டிருந்தோம் அண்ணே."