பச்சை என்ன பாவம் செய்தது?

கொல்லிமலை அடிவாரத்து மடம் ஒன்றில் அம்பலவாணர் என்று ஒரு சீடர் இருந்தார். அறுபத்துமூன்று வயது. குருவைவிட ஒன்பது வயது மூத்தவர். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை முடித்துவிட்டு மடத்துக்கு வந்தவர். எதையும் ஒரு தடவை சொன்னால் அப்படியே பிடித்துக்கொள்வார். அப்புறம் விடவே மாட்டார். அதுதான் தொல்லை.

மடத்துப் பாடம் ஒரே வரி. எல்லாம் ஒன்றே.

மூன்று வருடம் கெஞ்சிக் கூத்தாடியதில், ராசிபுரத்தில் ஒரு மண்டபத்தில் பேச அவருக்கு முதல் வாய்ப்பு கிடைத்தது. காலை பத்து மணிக்கு. தலைப்பும் அந்த ஒரே வரிதான். நாற்பது தாள் எழுதி மனப்பாடம் செய்திருந்தார். பதினோரு மணிக்கு அதே மண்டபத்தில் யாருக்கோ வளைகாப்பு. இன்றைக்குத் தவறினால் அடுத்த வருடம்தான், அதுவும் நிச்சயமில்லை. பாவம் மனுஷன், மூன்று நாளாகச் சாப்பாடே இறங்கவில்லை.

மடத்துக் காரை அவர் ஓட்ட, குரு பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். சேந்தமங்கலம் தாண்டியதும் சூடு காட்டும் முள் ஏறிவிட்டது. பானட் இடுக்கில் குபுகுபுவென்று ஆவி.

அம்பலவாணர் இறங்கி ஓடிப்போய் பானட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். குரு கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெந்துடும். ஆறட்டும்."

"மணி ஒன்பதரை சாமி!"

"ஒன்பதரைன்னா சூடு குறைஞ்சிடுமா?"

நல்லவேளை, எதிரிலேயே ஒரு கார் பட்டறை. நடத்துகிறவர் பாவாயி. வந்து பார்த்தார், ஆறும்வரை காத்திருந்தார், பிறகு துணியைப் போட்டு மூடியைத் திருகினார். உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரலில் பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ தொங்கியது.

"இதென்னங்க சாமி, களி கிண்டி வெச்சிருக்கீங்க?"

"கூலன்ட்தான் அம்மா" என்றார் அம்பலவாணர். "வண்டியில இருந்தது சிவப்பு. கொஞ்சம் குறைஞ்சிருந்தது. பழைய வண்டிக்கு வாங்கின பச்சை ஒரு கேன் மடத்துல சும்மா கிடந்தது. எடுத்து ஊத்திட்டேன்."

"ரெண்டும் வேற வேறங்க. கலந்தா இப்படித்தான் கெட்டியாயிடும்."

"எல்லாம் ஒன்றே அம்மா. பச்சை என்ன பாவம் செய்தது?"

"பச்சை ஒரு பாவமும் பண்ணலைங்க. சிவப்பும் பண்ணலை. ரெண்டும் அதுபாட்டுக்கு இருந்துச்சு. நீங்கதான்..." என்று ஆரம்பித்தவர், காவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நிறத்தை நம்பக் கூடாதுங்க சாமி. இந்த வண்டிக்கு எந்த ரகம்னு வண்டியோட வந்த புக்குல போட்டிருப்பாங்க. பாக்கலையா?"

அம்பலவாணர் டாஷ்போர்டைத் திறந்து, புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து பயபக்தியோடு நீட்டினார். மேலே சந்தனம், குங்குமம். நாலு ஆயுத பூஜைப் பொட்டுகள், ஒன்றின்மேல் ஒன்று. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை.

பாவாயி புத்தகத்தைப் பார்த்தார். குருவைப் பார்த்தார். குரு மலையைப் பார்த்தார்.

"கும்பிட்டது சரிங்க. ஒரு தடவை பிரிச்சிருக்கலாம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலஞ்சு தடவை அலசி விடணும். ரெண்டு மணி நேரம் ஆயிடும்."

"பஸ்?"

"பத்தரைக்குத்தாங்க."

அம்பலவாணர் அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. மறைக்கவும் இல்லை. மூன்று வருட ஆசையாயிற்றே.

குரு சுற்றிலும் பார்த்தார். ஆவியைக் கண்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள், டீயோடு நின்றவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் என்று பதினோரு பேர் தேறினார்கள்.

"கூட்டம் இருக்கே அம்பலவாணரே. இங்கேயே பேசுங்க."

சீடர் முகம் மலர்ந்தது. எழுந்தார், துண்டைச் சரிசெய்தார், தொண்டையைச் செருமினார்.

"எல்லாம்..."

காருக்கு அடியில் வைத்த சட்டியில் களி சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கண் அதில் போய் நின்றது.

"பேசுங்க சாமி, நான் வேலை பாத்துக்கிட்டே கேக்குறேன்" என்றார் பாவாயி.

"எல்லாம்..."

நாற்பது தாளும் எங்கோ போய்விட்டது. குரு பக்கம் திரும்பினார்.

"சாமி, அப்போ எல்லாம் ஒன்றுங்கிறது பொய்யா?"

"மெய்தான்."

"அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

"நான் அதை உங்ககிட்டதான் சொன்னேன். ரேடியேட்டர்கிட்ட சொல்லலையே."

டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது.

"இப்போ நான் என்னதான் பேசுறது சாமி?"

குரு அந்தப் புத்தகத்தை வாங்கினார். குங்குமத்தைத் தன் வேட்டி நுனியால் துடைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"உறையைப் பிரிங்க. முதல் பக்கத்துல இருந்து வாசிங்க. நானும் கேட்டதில்லை."