கண்ணை மூடும் கொம்புமீன்

தூத்துக்குடியில் வீடியோ கேம் கடை வைத்திருந்த ஜெபத்துரை அண்ணாச்சிக்குத் தன்னை மிஞ்ச ஆளே இல்லை என்று நினைப்பு. ஆனால் கேமில் வரும் கொம்புமீன் ஒன்று பாய்ந்து பாய்ந்து முட்டி, அவரைப் பத்து நாளாகச் சாகடித்துக்கொண்டிருந்தது.

அன்று கடைக்கு வந்த அத்தனை பேரும் பார்க்க மறுபடியும் தோற்றதும், கடை பெருக்கும் சந்தனமாரி மேல் எரிந்து விழுந்தார்.

"உன் விளக்குமாத்துச் சத்தத்துலதான் தோத்தேன்! இப்ப நீயே அதைக் கொல்லு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

சந்தனமாரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நகர்ற பட்டன் எது அண்ணாச்சி? அடிக்கிற பட்டன் எனக்கு வேண்டாம்."

கூட்டம் சிரித்தது. அவள் திரையில் தன் ஆளை ஒரு பாறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மீன் சீறி வந்தது. முட்டப்போகிற நேரத்தில் ஓர் எட்டு விலகினாள். பாறையில் மோதிய மீனுக்குக் கொம்பு முறிந்தது. மூன்றாவது மோதலில் அது மல்லாந்து மிதந்தது.

கடையே கைதட்டியது. வேலை தப்பியதில் சந்தனமாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அது எப்படிட்டி?" என்றார் அண்ணாச்சி.

"பத்து நாளா உங்க காலடியிலதான பெருக்குதேன். பாயும்போது அது கண்ணை மூடிக்கிடுது, அண்ணாச்சி. நீங்களும் மூடிக்கிடுதிய."